தட்டா, பம்பரமா, கிராமா? வேலூர்ச் சமையலறைக்கு எந்த நாட்டுக் கணக்கு ஒத்துவரும்

உப்பைக் குறை, காய்கறியைக் கூட்டு, பாக்கெட் தீனியை ஒதுக்கு. எந்த நாட்டு அரசின் உணவு வழிகாட்டியைப் புரட்டினாலும் சாரம் இதுதான். ஆகவே எது சரி, எது தப்பு என்று பட்டிமன்றம் நடத்திப் பயனில்லை. வித்தியாசம் அளவுகோலில்தான் இருக்கிறது. இந்தியா கிராமில் சொல்கிறது. கனடா தட்டைப் பங்கு போடுகிறது. ஜப்பான் பதார்த்தங்களை எண்ணச் சொல்கிறது. பிரேசில் எதையும் அளக்கவே சொல்வதில்லை. மதியம் சோறு, ராத்திரி களி என்று ஓடுகிற வட ஆற்காட்டு வீட்டுக்கு இவற்றில் எது கைகொடுக்கும்?

அமெரிக்காவின் பழைய உணவுக் கூம்புப் படத்தை முதலிலேயே கழித்துவிடலாம். 1992-ல் வந்த அந்தப் படத்தின் அடித்தட்டு முழுக்க ரொட்டியும் அரிசியும்தான். ஒரு நாளைக்கு 6 முதல் 11 பங்கு. அப்படிச் சாப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவே 2011-ல் கூம்பை விட்டுவிட்டுத் தட்டுப் படத்துக்கு மாறியது.

நம் நாட்டுக் கணக்கை வகுப்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918-ல் நம்ம குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயச் சின்னதாகத் தொடங்கி, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோனது. 2024 மே மாதம் அது வெளியிட்ட 17 வழிகாட்டுதல்களில், நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கான பட்டியல் இது: தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, கறி, மீன் 85, காய்கறியும் கீரையும் 400, பழம் 100, கொட்டைகளும் வித்துகளும் 35, எண்ணெய் 27, பால் அல்லது தயிர் 300 மில்லி. மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதில் 400 கிராம் காய் என்பதை மட்டும் நேதாஜி மார்க்கெட்டில் வைத்துப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1,600 கிராம். அரைக் கிலோ முள்ளு கத்திரிக்காய், கால் கிலோ அவரை, கால் கிலோ கேரட், அதற்கு மேல் இரண்டு கட்டு முருங்கைக்கீரை எடுத்தும் கணக்கு முடியவில்லை. ஒரே நாளுக்கு என்று கூடையில் அள்ளிப்போட்டால், “வீட்ல விசேஷமாம்மா?” என்று கடைக்கார அக்கா கேட்பார். பட்டியல் தப்பில்லை. ஆனால் இது மாதச் சாமான் எழுதும்போது உதவுகிற கணக்கு. பந்தியில் உட்கார்ந்த பிறகு யார் தராசைத் தேடுவது?

கனடா 2019-ல் தராசை எறிந்துவிட்டது. தட்டில் பாதி காய்கனி, கால்வாசி முழுதானியம், கால்வாசி புரதம், குடிக்கத் தண்ணீர். பார்த்தவுடன் புரிகிற படம். சப்பாத்தி, ஒரு பொரியல், வேகவைத்த சுண்டல் என்றால் பொருந்தும். களி உருண்டையைக் கீரைக் குழம்பில் தொட்டு விழுங்குகிறவருக்கு எந்தப் பாகம் எது? கேழ்வரகு கால்வாசிதான் என்று இலையில் கோடு போட்டாலும் குழம்பு கோட்டுக்குள் நிற்காது. புளிக்குழம்பில் மிதக்கும் இரண்டு கத்திரிக்காய்த் துண்டை ‘பாதித் தட்டு காய்’ என்று கணக்குக் காட்டும் ஆபத்தும் உண்டு. அதைத்தான் நம்மில் பலர் செய்கிறோம்.

2005-ல் ஜப்பான் போட்ட படம் ஒரு பம்பரம். எனக்குப் பிடித்தது இதுதான். தண்ணீரும் தேநீரும் அதன் அச்சு. மேலே ஒரு ஆள் ஓடுகிறார். அவர் நின்றால் பம்பரம் சாய்ந்துவிடும். தின்பண்டம் சாட்டைக் கயிறு. அதெல்லாம் அலங்காரம், விஷயம் எண்ணுவதில் இருக்கிறது. நாளொன்றுக்குத் தானியப் பதார்த்தம் 5 முதல் 7, காய்ப் பதார்த்தம் 5 அல்லது 6, மீன், கறி, முட்டை, சோயா வகை 3 முதல் 5, பால் 2, பழம் 2. ஒரு சின்னக் கிண்ணம் சோறு ஒன்று. 70 கிராம் அளவில் ஒரு சின்னத் தட்டுப் பொரியல் ஒன்று. சோற்றின் மேல் குழம்பு ஊற்றித் தரும் ‘கறி ரைஸ்’ போன்ற கலவைச் சாப்பாட்டைப் பிரித்து, தானியத்தில் இத்தனை, காயில் இத்தனை, கறியில் இத்தனை என்று போட்டுக்கொள்ளலாம். நம் சமையலுக்கு வேண்டியது இந்த வசதிதான்.

நம்மூர் நாள் ஒன்றை இதில் ஓட்டிப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி, சாம்பார். மதியம் குழம்பு, ரசம், மோர் என மூன்று சுற்றுச் சோறு, கொஞ்சம் பொரியல். ராத்திரி களி, கருவாட்டுக் குழம்பு. தானிய வரிசை மதியத்திலேயே ஐந்தைத் தொட்டுவிடுகிறது, களியோடு ஏழு. காய் வரிசையில் தாராளமாகப் போட்டாலும் இரண்டு. புரத வரிசையில் சாம்பார்ப் பருப்பும் கருவாடும் சேர்ந்து ஒன்று, ஒன்றரை. எங்கே ஓட்டை என்று விரல்விட்டே சொல்லிவிடலாம். ஆம்பூர் பிரியாணி ஒரு பிளேட் என்றால் சீரகச் சம்பா மூன்று, கறி இரண்டு, தொட்டுக்கொள்ளத் தரும் கத்திரிக்காய்த் தொக்கு அரை. ஆக, பிரியாணி நாளில் புரதக் கணக்கு மற்ற நாளைவிட உருப்படியாகவே இருக்கிறது! எண்ணெயை இந்தப் பம்பரம் தனியாக எண்ணுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெய்யும் டால்டாவும் தப்பித்துவிடும்.

பாலில் நாடுகள் வெளிப்படையாகவே பிரிகின்றன. அமெரிக்கத் தட்டின் பக்கத்தில் தனிக் கோப்பை வைத்தார்கள். கனடா 2019-ல் பாலுக்கு இருந்த தனிப் பிரிவையே நீக்கிப் புரதத்தோடு சேர்த்தது. ஜப்பான் பாலைச் சுண்ணாம்புச் சத்தால் அளக்கிறது. 100 மில்லிகிராம் ஒரு பங்கு. அந்த அளவுகோலைக் கேழ்வரகுக்குப் பிடித்தால், 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம். முந்நூறு மில்லி பாலுக்கு ஈடு. தானியத்திலேயே இருக்கும் பைட்டேட் என்ற பொருள் தடுப்பதால் அத்தனையும் உடம்பில் ஒட்டாது. முளைகட்டி அரைத்தால் தடை கொஞ்சம் குறையும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் களியை விட்டுவிட வேண்டாம்.

பிரேசில் தனி ரகம். சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டேரோ குழுவோடு சேர்ந்து 2014-ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டியில் கூம்பும் இல்லை, கிராமும் இல்லை. உணவு எந்த அளவுக்கு ஆலையில் புரட்டப்பட்டது என்பதுதான் அளவுகோல். புதிதாகச் சமைத்ததை உண், ஆலையில் பலமுறை உருமாறி வந்ததைத் தவிர், முடிந்தவரை நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு, விளம்பரத்தைச் சந்தேகி. வெளியில் சாப்பிட நேர்ந்தால் அப்போதே சமைக்கும் இடமாகப் பார். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கும் வங்காளக் குடும்பங்களைப் பாருங்கள். காந்தி ரோட்டுப் பக்கத்துச் சந்துகளில் சோறு, பருப்பு, மீன் குழம்பு என்று சுடச்சுடப் போடும் மெஸ்களைத்தான் தேடிப் போகிறார்கள். பிரேசில் விதிப்படி அவர்களுக்கு முழு மதிப்பெண். பிஸ்கட் பாக்கெட்டோடு வார்டு வாசலில் காத்திருக்கும் நம்மாட்களுக்குப் பாதிகூடத் தேறாது. ஆனால் வீட்டில் சமைத்த வெள்ளைச் சோற்றை எத்தனை சுற்றுப் போட்டாலும் இந்த விதி கண்டிப்பாகத் தடுக்காது. சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்கு இது மட்டும் போதாது.

நாளுக்கு ஓர் ஆளுக்கான உப்பில் இந்தியாவும் சீனாவும் 5 கிராம், பிரிட்டன் 6. ஜப்பான் ஆணுக்கு 7.5, பெண்ணுக்கு 6.5, சோயா சாஸும் ஊறுகாயும் உள்ள ஊர், அதற்குக் கீழே இறங்கத் தயங்குகிறது. கருவாட்டுக் குழம்பு நாளில் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் யோசனை: பந்தியில் ஜப்பான், கடைத்தெருவில் பிரேசில், மளிகைச் சீட்டு எழுதும்போது ஹைதராபாத். அந்தச் சீட்டில்தான் இடிக்கிறது. நாளுக்கு 85 கிராமையும் பருப்பாகவே எடுத்தால் நான்கு பேருக்கு மாதம் 10 கிலோவுக்கு மேல் வேண்டும். ரேஷனில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய்க்கு. அரிசி இலவசம், பருப்புக்குக் காசு என்றால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கவே வேண்டாம். மீதியை முட்டை, கொள்ளு, காராமணி என்று ஒப்பேற்ற வேண்டியதுதான். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மட்டும் நம் பக்கத்தில் விளைகிற சரக்கு. நான்கு பேருக்கு மாதம் நாலு கிலோ சொச்சம் வாங்கினால் 35 கிராம் கொட்டைக் கணக்கு முழுசாகவே தீர்ந்துவிடும்.