சொந்த லேப்டாப்பில் வளாக நெட்வொர்க் டிரைவ்: மேப்பா, சிங்க்கா, எஸ்.எஃப்.டி.பி.யா?

ஆய்வகக் கணினியில் துறையின் பொது ஃபோல்டரைத் திறப்பது ஒரு வேலையே இல்லை. அது ஏற்கெனவே வளாக டொமைனில், அதாவது வளாகம் மொத்தமாக நிர்வகிக்கும் கணினிகளின் குழுவில், சேர்ந்திருக்கும். லாகின் செய்தாலே டிரைவும் வந்து நிற்கும். அதே ஃபோல்டரை நம்முடைய லேப்டாப்பில் திறக்க நினைக்கும்போதுதான் எந்த வழியில் போவது என்ற கேள்வி வருகிறது. டிரைவாக மேப் செய்யலாம் (சர்வரில் உள்ள ஃபோல்டர் லேப்டாப்பில் ஒரு டிரைவ் போலத் தெரியும்), சிங்க் செய்யலாம் (லேப்டாப்பில் ஒரு பிரதி இருந்து, மாற்றங்கள் தானே இரண்டு பக்கமும் போய்ச் சேரும்), எஸ்.எஃப்.டி.பி. என்ற பாதுகாப்பான ஃபைல் பரிமாற்ற முறை வழியாக ஃபைலை ஏற்றி இறக்கலாம், பிரௌசரிலேயே வேலையை முடிக்கலாம். எது வேகம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அந்த ஃபைலை உங்களைத் தவிர வேறு யார் திறக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

பலர் கைவைக்கும் ஃபைல் என்றால் என் ஓட்டு மேப் செய்வதற்குத்தான். இதன் அடியில் ஓடுவது எஸ்.எம்.பி. என்ற நெறிமுறை. 1983-இல் ஐ.பி.எம்.-இல் உருவானது, இன்றும் இதை வேறெதுவும் விஞ்சாததற்குக் காரணம் அதன் பூட்டு. மதிப்பெண் பட்டியலை ஒருவர் எக்செல்லில் திறந்து வைத்திருக்கும்போது நீங்களும் திறந்தால், இன்னார் எடிட் செய்துகொண்டிருக்கிறார் என்று எக்செல்லே சொல்லிவிடும். உங்களுக்குப் படிக்க மட்டும் கொடுக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் அழிக்கும் விபத்து இங்கே மிகக் குறைவு.

இணைக்கும்போது பெரும்பாலும் தடுக்குவது யூசர்நேமில்தான். உங்கள் லேப்டாப் டொமைனில் இல்லாததால், விண்டோஸ் முதலில் லேப்டாப்பின் சொந்தப் பயனர் பெயரையே சர்வருக்கு அனுப்பிப் பார்க்கும். சர்வருக்கு அது யாரென்றே தெரியாது. ஆகவே மேப் செய்யும்போதே ‘கனெக்ட் யூஸிங் டிஃபரன்ட் கிரெடென்ஷியல்ஸ்’ கட்டத்தை டிக் செய்து, டொமைன் பெயர், ஒரு பின்சாய்வுக்கோடு, அப்புறம் உங்கள் வளாக யூசர்நேம் என்று கொடுங்கள். ஏற்கெனவே அதே சர்வருடன் வேறு பெயரில் ஓர் இணைப்பு இருந்தால் 1219 என்ற பிழை வரும். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி முயலுங்கள். மேக்கில் ஃபைண்டரில் கமாண்ட்-கே அழுத்தினால் சர்வர் முகவரி கேட்கும். விண்டோஸுக்கென்று கொடுத்த முகவரியை அப்படியே ஒட்டினால் வேலை செய்யாது, முன்னால் smb: என்று சேர்த்து, கோடுகளையும் முன்சாய்வாக மாற்ற வேண்டும்.

இன்னொன்று, வளாக பாஸ்வேர்டை மாற்றிய பிறகு வருவது. விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு உட்கார்ந்திருக்கும். லேப்டாப் அதையே திரும்பத் திரும்ப அனுப்ப, நீங்கள் எதையும் தப்பாக டைப் செய்யாமலே அக்கவுன்ட் லாக் ஆகிவிடலாம். பாஸ்வேர்டு மாற்றிய கையோடு அந்தப் பதிவையும் அழித்துவிடுவது நல்லது.

வளாகத்துக்கு வெளியே போனால் முதலில் வி.பி.என். (வெளியிலிருந்து வளாக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு), பிறகுதான் டிரைவ். எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445-ஆம் போர்ட்டை, அதாவது சர்வருக்குள் இணைப்பு நுழையும் வாசலை, வெளி இணையத்துக்குத் திறந்து வைப்பது ஆபத்து. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். எனவே வி.பி.என். கேட்பதற்காக ஐ.டி. பிரிவை நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் வேகம் குறையும், அதை மறைக்க முடியாது. எஸ்.எம்.பி. ஒவ்வொரு ஃபைலுக்கும் சர்வருடன் பலமுறை பேசிக்கொள்ளும். ஒரே பெரிய ஃபைல் ஓரளவு ஓடிவிடும். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் உள்ள ஃபோல்டர் உயிரை வாங்கும்.

மேப் செய்த டிரைவில் ஒரு ஃபைலை டெலீட் செய்தால் அது உங்கள் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேராகப் போய்விடும். சர்வரில் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு) எடுக்கும் ஏற்பாடு இருந்தால் ஃபோல்டரின் ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பகுதியில் பழையது கிடைக்கக்கூடும். அந்த வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சிங்க் செய்வது, அதாவது ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் போன்றவை, தனியாக எழுதுகிறவருக்கு அருமை. ரயிலில் நெட் இல்லாமல் ஆய்வேட்டை எழுதலாம், இணைப்பு வந்ததும் தானே ஏறிவிடும். வேர்டு ஆவணத்தை ஒன்டிரைவில் பலர் ஒரே நேரத்தில் திருத்தவும் முடியும். ஆனால் இரண்டு பேர் ஆஃப்லைனில் ஒரே ஃபைலைத் திருத்தினால், முரண்பட்ட இரண்டு பிரதிகளாக நிற்கும்; எந்த வரி யாருடையது என்று ஒருவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். அதைவிட மோசமானது, லேப்டாப்பில் இடம் இல்லை என்று பொது ஃபோல்டரில் இருப்பதை அழிப்பது: அது குழுவில் எல்லோருக்கும் அழிந்துவிடும். ஒன்டிரைவில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பது வேறு, ‘டெலீட்’ என்பது வேறு. புதிதாகச் சேரும் மாணவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பல ஜி.பி. அளவுள்ள தரவு என்றால் எஸ்.எஃப்.டி.பி.தான்; அதற்கு வின்எஸ்சிபி, ஃபைல்ஜில்லா ஆகிய மென்பொருள்களில் எதுவும் போதும். பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் இங்கே பூட்டு கிடையாது. வின்எஸ்சிபியில் ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்து எடிட் செய்வது வசதியாகத்தான் இருக்கும். உண்மையில் நீங்கள் திருத்துவது ஒரு தற்காலிகப் பிரதியை. சேவ் செய்ததும் அது சர்வரில் இருப்பதன் மேல் ஏறி உட்காரும், இடையில் வேறொருவர் எழுதியது போய்விடும்.

வெப் நெறிமுறை வழியாக சர்வர் ஃபைல்களைத் திறக்கும் வெப்டாவ் முறையிலும் டிரைவ் போலக் காட்டலாம் என்று பழைய உதவிக் குறிப்புகள் சொல்லும். விண்டோஸில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸின் உள்அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்றாத வரை 5 கோடி பைட்டுக்கு, அதாவது சுமார் 48 எம்.பி.க்கு, மேற்பட்ட ஃபைலை இறக்க மறுக்கும். வெப்டாவுக்கான விண்டோஸ் சேவையையே 2023-இல் மைக்ரோசாஃப்ட் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. எப்போதாவது ஒரு பி.டி.எஃப். எடுக்கத்தான் என்றால் பிரௌசர் பக்கமே போதும்.

மாணவர் விவரம், நோயாளித் தரவு போன்றவை மட்டும் இந்தக் கணக்கிலேயே வராது. சிங்க்கும் எஸ்.எஃப்.டி.பி.யும் உங்கள் லேப்டாப்பில் ஒரு பிரதியை விட்டுவைக்கின்றன. லேப்டாப் தொலைந்தால் அதுவும் தொலைகிறது. அத்தகைய ஃபைலுக்கு, வி.பி.என். போட்டு வளாகக் கணினிக்கே ரிமோட் டெஸ்க்டாப்பில் போய் அங்கேயே திறந்து வேலை செய்யுங்கள். திரை கொஞ்சம் இழுக்கும், ஆனால் ஃபைல் சர்வரை விட்டு நகராது.