சாதா ஃபேனா, பி.எல்.டி.சி. ஃபேனா?

கரண்ட் பில்லைக் குறைக்க வழி கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டு, ஆளில்லாத அறையில் சுவிட்சை அணை, ஏசியை 24, 25-க்குக் கீழே இறக்காதே. சரி, இதையெல்லாம் செய்தாயிற்று. அதற்கப்புறமும் யூனிட் இறங்கவில்லை என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஃபேன் ஒன்றும் அதிக வாட் இழுக்கும் சாமான் இல்லை. ஆனால் ஃபிரிட்ஜை விட்டால் வீட்டில் அதிக நேரம் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.

என் வீட்டில் படுக்கையறைகளுக்கும் கூடத்துக்கும் பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் சுற்றும், கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன், மாட்டியிருக்கிறேன். சமையலறையிலும் பூஜை அறையிலும் பழைய சாதா ஃபேனே சுற்றுகிறது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை: ராத்திரி முழுக்க ஓடும் அறை என்றால் பி.எல்.டி.சி., எப்போதாவது ஓடும் அறை என்றால் சாதா. இதற்குள் 'போர்டு' என்று ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 1200 மில்லிமீட்டர் இறக்கை கொண்ட சாதா சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை எடுக்கும். அதே அளவு பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 28 முதல் 35 வாட் போதும். வித்தியாசம் மோட்டாரில் இருக்கிறது. சாதா ஃபேனின் சுற்றும் பாகத்துக்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது. காயிலில் ஓடும் மின்சாரம் அந்தப் பாகத்திலும் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் மூலம்தான் அதைக் காந்தமாக்கிச் சுழற்ற வேண்டும். இப்படிச் சுற்றிவளைத்து வேலை நடப்பதில் பெரும்பங்கு சூடாகவே போய்விடுகிறது. ராத்திரி முழுக்க ஓடிய பழைய ஃபேனை அணைத்து, நின்றதும் நடுவிலிருக்கும் குடத்தைத் தொட்டுப் பாருங்கள், நன்றாகவே சுடும். பி.எல்.டி.சி.யில் நிலைக்காந்தங்கள் முன்பே ஒட்டப்பட்டிருக்கின்றன. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன மின்னணு போர்டு பார்த்துக்கொள்கிறது. காந்தத்தை உண்டாக்கும் செலவு மிச்சம்.

பெட்டியில் அச்சடித்த வாட்டை நம்ப மனம் வரவில்லையா? மின்னணு மீட்டர் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். மீட்டர் முகப்பில் விட்டு விட்டு எரியும் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சாகியிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். 75 வாட் ஃபேன் என்றால் 15 விநாடிக்கு ஒருமுறை அந்தப் புள்ளி மின்னும். 30 வாட் என்றால் 37, 38 விநாடி காத்திருக்க வேண்டும். கையில் கடிகாரத்தோடு மீட்டர் பெட்டிக்கு முன்னால் நிற்பவரை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அவ்வளவுதான். வேறெந்தச் சாமானையும் இதே முறையில் சோதிக்கலாம்.

45 வாட் வித்தியாசம் என்பது ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேனுக்கு மாதம் சுமார் 20 யூனிட். நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் ஓடும் சமையலறை ஃபேனுக்கு இதே வித்தியாசம் மாதம் நான்கே யூனிட். வீட்டிலுள்ள எல்லா ஃபேனையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் போடுவதில்லை. உங்களுக்கு ஒரு யூனிட் என்ன விலையோ அதை மாத மிச்சத்தோடு பெருக்கி, இரண்டு ஃபேன்களின் விலை வித்தியாசத்தை அதனால் வகுத்தால் போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது வந்துவிடும். படிப்படியாகக் கட்டணம் ஏறும் முறை உள்ள இடமாக இருந்தால் மிச்சமாகும் யூனிட் எப்போதும் உச்சிப் படியிலிருந்துதான் கழியும். அதனால் சராசரி விலையை எடுக்காமல் உங்கள் கடைசிப் படியின் விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வேகத்தைக் குறைத்து ஓட்டினாலே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது ரெகுலேட்டரைப் பொறுத்தது. பெரிய டப்பா மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டரின் உள்ளே இருப்பது மின்தடைக் கம்பி. ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பகுதியை அது சூடாக்கித் தீர்த்துவிடும். காற்று குறையும், பில் அந்த அளவுக்குக் குறையாது. படிப்படியாகத் திருகும் புதிய மின்னணு ரெகுலேட்டரில் இந்த விரயம் மிகக் குறைவு. புது ஃபேன் வாங்கும் உத்தேசம் இல்லாதவர்கள் முதலில் இதை மாற்றிவிடலாம், சின்னச் செலவுதான். ஆனாலும் குறைந்த வேகத்தில் சாதா மோட்டாரின் திறன் இன்னும் சரிந்துபோகும். பி.எல்.டி.சி. அங்கேதான் நிஜமாகவே முந்துகிறது. ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அடியிலுள்ள வேகத்தில் பி.எல்.டி.சி. பத்து வாட்டைக்கூடத் தொடாது. விடியற்காலையில் லேசான காற்று போதும் என்பவர்களுக்கு மிச்சம் இன்னும் கூடும்.

வாட்டை மட்டும் பார்த்து வாங்குவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டாலே வாட் குறைந்துவிடும். அதனால் பெட்டியில் நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதையும் பாருங்கள். இந்த அளவு ஃபேனுக்கு 210-லிருந்து 230 வரை இருந்தால் நல்லது. அதற்குக் கீழே இருந்து வாட்டும் குறைவாக இருந்தால், காற்றைக் குறைத்து மிச்சம் காட்டுகிறார்கள் என்று பொருள்.

வோல்டேஜ் இறங்கும் இடங்களில் சாதா ஃபேன் சோர்ந்துபோகும், பி.எல்.டி.சி. வேகம் மாறாமல் சுற்றும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியும் ஃபேன் அளவில் இரண்டு மடங்கு நேரம் தாங்கும். மலிவான இன்வெர்ட்டரில் சாதா ஃபேன் போடும் அந்த உறுமலும் இருக்காது.

இனி போர்டு.

சாதா ஃபேனுக்கு வரக்கூடிய நோய் மூன்றே மூன்று. கண்டென்சர் போவது, பேரிங் தேய்வது, காயில் எரிவது. இதில் அடிக்கடி வருவது முதலாவது. ஃபேன் மெதுவாகச் சுற்றும், அல்லது குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர்தான். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். மெயினை அணைத்துவிட்டு மேல் கிண்ணத்தை இறக்கினால் இரண்டு ஒயர் வேலை. காயில் எரிந்தாலும் ரீவைண்டிங் செய்து தர ஆள் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேள்வியே எழாது. முப்பது வருடத்து ஃபேன் இன்னும் ஓடுகிறது என்று பெருமைப்படுபவர்கள் சொல்வது பொய்யில்லை.

பி.எல்.டி.சி.யில் பேரிங் அதே பேரிங்தான். காந்தமும் காயிலும் சுலபத்தில் போகாது. போனால் போர்டுதான் போகும். மின்னலின்போதும், போன கரண்ட் திரும்ப வரும்போதும் ஒயரில் பாயும் திடீர் வோல்டேஜ் முதல் எதிரி. வருடக்கணக்கான சூட்டில் போர்டிலுள்ள மின்பகு வகை கண்டென்சர்கள் உலர்ந்து திறன் இழப்பது இரண்டாவது. சித்தி வீட்டில் ஒரு மழை ராத்திரிக்குப் பிறகு இதுதான் நடந்தது. சுவிட்சைப் போட்டால் இறக்கை முன்னும் பின்னும் இரண்டு விரற்கடை ஆடுகிறதே தவிர சுற்றவில்லை. எலக்ட்ரீஷியன் ஏறிப் பார்த்துவிட்டு, "மோட்டார் நல்லா இருக்கு அக்கா, போர்டு போயிடுச்சு. இது என் கைவேலை இல்ல, கம்பெனிக்குத்தான் சொல்லணும்" என்று இறங்கிவிட்டார். வாரண்டி இருந்ததால் காசு செலவில்லை. ஆனால் போர்டு வந்து சேரும்வரை புழுக்கத்தில் கிடந்தார்கள்.

இதில் வாரண்டி இருந்தது என்பதுதான் முக்கியம். வாரண்டி முடிந்தபின் என்ன ஆகும்? பல மாடல்களில் ஈரம் புகாமலிருக்க போர்டின் மேல் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். அதனால் கெட்டுப்போன ஒரு சின்ன உதிரியை மட்டும் மாற்ற முடியாது, போர்டையே மாற்ற வேண்டும். அந்தப் போர்டும் மாடலுக்கு மாடல் வேறு. எல்லா ஃபேனுக்கும் ஆகும் என்று தனியாக விற்கும் போர்டுகள் உண்டு. அவை உங்கள் ஃபேனின் வைண்டிங்கோடும் காந்தத் துருவங்களின் எண்ணிக்கையோடும் பொருந்தினால்தான் சரியாக ஓடும். கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டுவிட்டால் நல்ல மோட்டார் இருந்தும் ஃபேன் பழைய இரும்புக்குப் போகும்.

ஆகவே வாங்கும்போது நிறத்தையும் ரிமோட்டில் உள்ள பொத்தான்களையும் விட்டுவிட்டு இதையெல்லாம் கேளுங்கள். வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா? சில இடங்களில் இரண்டுக்கும் வேறு வேறு காலம். போர்டு தனியாக விலைக்குக் கிடைக்குமா, என்ன விலை? போர்டு மேல் கிண்ணத்தில் இருக்கிறதா, மோட்டார் குடத்துக்குள்ளா? கிண்ணத்தில் இருந்தால் ஃபேனைக் கழற்றிப் பிரிக்காமலே மாற்றிவிடலாம். அப்புறம், நான் மேலே சொன்ன கணக்கில் விலை வித்தியாசத்தோடு ஒரு போர்டின் விலையையும் சேர்த்துவிடுங்கள். அதையும் சேர்த்த பிறகு வாரண்டிக் காலத்துக்குள் காசு திரும்பினால் கண்ணை மூடிக்கொண்டு பி.எல்.டி.சி. வாங்கலாம். நீண்ட நேரம் ஓடும் என் அறைகளுக்கு அது தேறியது, சமையலறைக்குத் தேறவில்லை. என் ஃபேன்கள் இன்னும் வாரண்டிக்குள்தான் இருக்கின்றன, எதுவும் பழுதாகவில்லை. அதனால் பத்து வருடம் உழைக்கும் என்றெல்லாம் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது, பழைய ரெகுலேட்டர் வழியாக பி.எல்.டி.சி.க்கு லைன் கொடுக்கக் கூடாது. அதை நீக்கி சுவிட்சிலிருந்து நேராகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டுக்கே கேடு. வேகத்தை மாற்ற ரிமோட்டைத் தேடுவது அம்மாவுக்கு இன்றும் பிடிக்கவில்லை. "திருகுறது இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன்" என்பார், அதுவும் நியாயம்தான். சுவிட்சையே அணைத்து அணைத்துப் போட்டு வேகம் மாற்றும் மாடல்கள் சில இருக்கின்றன, பெரியவர்கள் அறைக்கு அவை தேவலை. ரிமோட்டில் அணைத்தால் போர்டு விழித்தபடி துளி மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். வெளியூர் போகும்போது சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள்.

ஃபேன் வேண்டாம், பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கிறார்களே ஒரு டப்பா, அதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதனுள் பெரும்பாலும் ஒரு கண்டென்சரும் ஒரு விளக்கும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் அளப்பது உண்மையில் செலவாகும் யூனிட்டை. அதை அந்த டப்பா குறைக்காது.

கழற்றிய பழைய ஃபேன்களில் நன்றாக ஓடும் ஒன்றை, டவுன் ராடு, கண்டென்சர், பழைய ரெகுலேட்டர் சகிதம் பரணில் போட்டு வையுங்கள். போர்டு வந்து சேரும்வரை சித்தி வீட்டில் கடைசியில் அப்படி ஒன்றைத்தான் எங்களிடமிருந்து வாங்கிப்போய் மாட்டினார்கள்.