இன்ஜினில் ‘உஸ்’ சத்தமா? ஸ்டெதஸ்கோப்பின் கம்பியைக் கழற்றுங்கள்

மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் (காதில் மாட்டி, முனைக் கம்பியை இன்ஜினில் வைத்துச் சத்தம் கேட்கும் கருவி) காற்றுக் கசிவுக்கு உதவாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதைக் கம்பியோடு பயன்படுத்தியவர்கள். கம்பி உலோக அதிர்வைக் கடத்தும். பேரிங், இன்ஜெக்டர், வாட்டர் பம்ப் சத்தத்துக்கு அதுதான் சரி. ‘உஸ்’ என்பதோ காற்றின் ஓசை. கம்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அரை மீட்டர் ரப்பர் குழாயைச் செருகுங்கள். குழாயின் வாய் கசிவை நெருங்கும்போது சத்தம் சட்டென்று கூர்மையாகும்.

இந்த ஸ்டெதஸ்கோப் கோலாலம்பூர் உதிரிப்பாகக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. இன்ஜின் ஆயில் ஒரு தடவை மாற்றும் செலவைவிட விலை குறைவு. காதுமுனை ரப்பர் மட்டும் கடினம், பத்து நிமிடத்தில் வலிக்கும். ஜாலான் ஈப்போ மாதிரி இரைச்சலான சாலையோரத்தில் வேலைக்கு ஆகாது. இரவில், அமைதியான இடத்தில் பாருங்கள்.

ஏசியை நிறுத்தி, இன்ஜினை ஐட்லிங்கில் விடுங்கள். த்ராட்டில் பாடிக்கு (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) பின்னால் உள்ள கேஸ்கெட், பிசிவி குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப எரிக்க அனுப்புவது), பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பாகம்) குழாய் என்று வரிசையாகத் தேடுங்கள். ஏர் ஃபில்ட்டர் வாயருகே கேட்கும் இழுப்புச் சத்தம் இயல்பானது, அதை நம்பிப் பொருள் மாற்றாதீர்கள். நம் ஊர் வெயிலும் நெரிசலில் நின்று போகும் இன்ஜின் சூடும் ரப்பரை இறுக்கிவிடுவதால், குழாய் பெரும்பாலும் முனையில்தான் விரிசல் விடும். சந்தேகப்படும் குழாயை இடுக்கியால் மெல்ல நசுக்கும்போது ‘உஸ்’ நின்று ஐட்லிங் மாறினால், கசிவு அந்தக் குழாயிலோ அது போய்ச் சேரும் பாகத்திலோதான். பிரேக் மிதிக்கும்போது மட்டும் சத்தம் கூடினால் பூஸ்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் ஃபியூவல் ட்ரிம்மையும் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். ஐட்லிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வேக்குவம் கசிவு (வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவது) என்பது ஏறக்குறைய உறுதி.

கார்ப் கிளீனர் என்ற, எளிதில் தீப்பற்றும் ஸ்ப்ரேயை அடித்துத் தேடும் பழக்கம் சூடான எக்ஸாஸ்ட் அருகே தீ வைத்துவிடலாம். இந்தக் கருவியில் அந்தப் பயம் இல்லை. ஆனால் குழாயை பெல்ட்டிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலும், ஜாக்கிரதை.

நிறுத்திய பின் டேஷ்போர்டுக்குள் சிறிது நேரம் ‘உஸ்’ கேட்டால் அது ஏசி கேஸ் அழுத்தம் சமனாவது, பழுதல்ல. பொனெட்டுக்குள் ஆவியோடு கேட்டால் கூலண்ட் கசிகிறது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது.

இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) அடியில் இருக்கும் கசிவை இது காட்டாது. அப்போது பட்டறையில் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள், புகை வெளிவரும் இடத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பொருள் மாற்றச் சொல்லுங்கள்.