லோகோவில் நின்றுபோன டேப்லெட்: ரெகவரியா, லேப்டாப்பா, கடையா, சர்வீஸ் சென்டரா?

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பால் சங்கத்தில், உறுப்பினர்கள் ஊற்றும் பாலின் லிட்டரையும் கொழுப்பையும் எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) அளவையும் பதிவதற்கு வைத்திருந்த டேப்லெட், ஒரு மாலை அப்டேட் ஏறிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்தப்பட்டு, அதன்பின் கம்பெனி லோகோவைத் தாண்டி வர மறுத்துவிட்டது. நிறுத்தியவன் நான்தான். வரிசையில் கேன்களுடன் ஆட்கள் நின்றுகொண்டிருக்க, திரையில் ஒரு கோடு வெகுநேரம் நகராமல் இருப்பதைப் பார்த்துப் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டேன். கரண்ட் போனதால்தான் கெட்டது என்று சங்கத்தில் பலரும் ஆறுதல் சொன்னார்கள். அது சரியான காரணமன்று. கரண்டோ நெட்டோ போனால் டவுன்லோடு நிற்கும், அவ்வளவுதான். இறங்கிய கோப்பு முழுமையானதா என்று சரிபார்க்கப்பட்ட பிறகே எழுதும் வேலை தொடங்குகிறது. எழுதும் நேரத்தில் பேட்டரி தீர்வதும், என்னைப் போன்றவர் பட்டனை அழுத்துவதுமே ஆபத்து.

எங்கள் ஊர் எல்லையில் இருப்பதால் யோசனைகளும் மூன்று திசைகளிலிருந்து வந்தன. பாலக்காட்டில் பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன் லேப்டாப்பில் தானே சரிசெய்துவிடலாம் என்றான். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் பால்வண்டி ஓட்டுபவர், அங்கே ஒரு செல்போன் கடையில் ‘சாஃப்ட்வேர் அடித்து’, அதாவது சிஸ்டத்தை மறுபடி எழுதி, வாங்கிவிடலாம் என்றார். சங்கத் தலைவர், கோவையில் வாங்கிய பொருள் என்பதால் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போய் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே முறை என்றார். மூவர் சொன்னதும் சரியான வழிகளே. ஆனால் 11 நாள் கணக்கு சர்வருக்கு ஏறாமல் அந்தக் கருவிக்குள்ளேயே இருந்தது. கருவியை ஓடவைப்பது ஒரு வேலை, உள்ளிருப்பதைக் காப்பாற்றுவது வேறொரு வேலை என்பதை மூவரில் எவரும் முதலில் எடுத்துப் பேசவில்லை. ஆகவே எந்த வழி கருவியை எழுப்பும் என்பதை மட்டுமன்றி, எழுப்பும்போது எதை அழிக்கும் என்பதையும் வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

எந்த வழியில் போவதானாலும் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். லோகோவிலேயே பலமணி நேரம் நின்ற டேப்லெட்டின் பேட்டரி பெரும்பாலும் வடிந்திருக்கும். முற்றிலும் செத்துவிட்டது என்று கொண்டுவரப்படும் கருவிகளில் சில, சுவர் சார்ஜரில் இரண்டு மணி நேரம் கிடந்தால் லோகோவையாவது காட்டும். லேப்டாப்பின் பழைய யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் மட்டுமே தரும் என்பதால், அதில் செருகிவைத்து டேப்லெட்டுக்குச் சார்ஜ் ஏறும் என்று நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

லோகோ வந்தால் அடுத்தது ரெகவரி மோட், அதாவது ஆண்ட்ராய்டு எழாதபோதும் திறக்கும் சிறு மீட்புப் பட்டியல். பவர் பட்டனையும் வால்யூமைக் கூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் அது திறக்கும். செலவில்லாத வழி இதுதான். ஆனால் கவனமில்லாதவருக்கு அதிக நட்டம் தரும் வழியும் இதுதான். எங்கள் டேப்லெட் சிலமுறை தானாக ரீஸ்டார்ட் ஆன பிறகு, ஆண்ட்ராய்டை ஏற்ற இயலவில்லை, தரவு பழுதடைந்திருக்கலாம் என்று ஓர் அறிவிப்பைக் காட்டி, மீண்டும் முயல்வதா, ஃபேக்டரி ரீசெட் செய்வதா என்று இரண்டே வாய்ப்புகளைத் தந்தது. மீண்டும் முயன்றால் மறுபடி லோகோ. அந்த நிலையில் இரண்டாவதைத் தொட்டுவிடத்தான் கை போகும். தொட்டால் 11 நாள் கணக்கும் போயிருக்கும். போனபின் கருவி எழுந்திருக்குமா என்பதற்கும் உறுதியில்லை. ஃபேக்டரி ரீசெட் பயனர் தரவை அழிக்குமே தவிர, பாதி எழுதப்பட்ட சிஸ்டத்தைத் திருப்பி எழுதாது. அப்டேட்டில் கெட்ட கருவிக்கு ரீசெட் மருந்தாவது, சிஸ்டம் நன்றாக இருந்து பழைய தரவோடு முரண்படும்போது மட்டுமே. பழைய கருவிகளில் இருக்கும், கேஷ் என்னும் தற்காலிகக் கோப்புகளை மட்டும் துடைக்கும் வாய்ப்பு தரவைத் தொடாது என்பதால் அதை அஞ்சாமல் முயலலாம்.

ரீசெட்டில் இன்னொரு பொறியும் உண்டு. ஆண்ட்ராய்டு 5.1 முதல், ரெகவரி வழியாக அழிக்கப்பட்ட கருவி திரும்ப எழுந்ததும், அதில் முன்பிருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும். திருடர்களுக்காக வைத்த பூட்டு இது. எங்கள் டேப்லெட்டில் இருந்த கணக்கோ, ஓய்வுபெற்றுப் போன முன்னாள் செயலாளருடையது. ரீசெட் செய்திருந்தால் தரவும் போய், கருவியும் அவர் பாஸ்வேர்டை நினைவுகூரும் வரை மேசைமேல் பலகையாகக் கிடந்திருக்கும்.

அக்கா மகன் சொன்ன லேப்டாப் வழி உண்மையில் ஒரே வழியன்று. ரெகவரியில் உள்ள சைட்லோட் மூலம் முழு அப்டேட் கோப்பைக் கேபிள் வழியே ஊட்டுவது ஒன்று. சிஸ்டத்தை எழுப்பும் நிரலான பூட்லோடரில், கணினியிலிருந்து கட்டளையிடும் ஃபாஸ்ட்பூட் மூலம் பகுதி பகுதியாக எழுதுவது மற்றொன்று. என் பார்வையில் முதலாவதே மேலானது. கம்பெனியின் கையொப்பம் இருக்கிறதா, பதிப்பு பழையதாக இல்லாமல் இருக்கிறதா என்பதை ரெகவரியே சரிபார்த்துக்கொள்ளும். பூட்லோடர் பூட்டியிருந்தாலும் நடக்கும். தரவும் அப்படியே இருக்கும். ஃபாஸ்ட்பூட்டுக்குப் பெரும்பாலும் பூட்டைத் திறந்தாக வேண்டும், திறந்தாலே தரவு அழியும். அதைவிட வேடிக்கை, திறப்பதற்கான அனுமதியைச் செட்டிங்ஸில் டெவலப்பர் பகுதிக்குப் போய் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். எழுந்திருக்காத கருவியில் செட்டிங்ஸுக்கு எங்கே போவது? “மாமா, எனக்கு வேண்டியது கோப்புதான், மற்றதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை” என்றான் அவன். கோப்புதான் கிடைக்கவில்லை. தன் பிக்சல் கருவிகளுக்குக் கூகுள் முழுக் கோப்புகளையும் வெளியிட்டுவைத்திருக்கிறது. எங்கள் டேப்லெட்டைச் செய்த கம்பெனி அப்படி எதையும் வெளியிடவில்லை.

ஆண்ட்ராய்டு 7.0 உடன் 2016இல் வந்த ஏ, பி என்னும் இரட்டை அமைப்பு உள்ள டேப்லெட்டாக இருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் மற்றதில் எழுதப்படும். புதியது எழவில்லையென்றால் பூட்லோடர் பழையதற்கே திரும்பிவிடும். எங்களுடையது ஒற்றை அமைப்பு.

கம்பெனியைப் பொறுத்து இந்த ஒப்பீடு வெகுவாக மாறும். சாம்சங் டேப்லெட்டுகளுக்கு டவுன்லோட் மோடும் ஓடின் என்னும் விண்டோஸ் மென்பொருளும் பழக்கமானவை. அதில் நாட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் உரிய அமைப்புகள் அடங்கிய சி.எஸ்.சி. கோப்பு இரண்டு வகையாக வரும்: ஹோம் என்று தொடங்குவதைத் தேர்ந்தால் தரவு தங்கும், வெறும் சி.எஸ்.சி.யைத் தேர்ந்தால் அழியும். ஒரு சொல்லில் எல்லாம் தலைகீழாகும் இடம் அது. ஐபேடில் இந்தத் தெரிவு இன்னும் தெளிவாக இருக்கிறது. ரெகவரி மோடில் கணினியுடன் இணைத்தால் அப்டேட், ரீஸ்டோர் என்று இரண்டு பொத்தான்கள் வரும். முன்னது தரவைத் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் மறுபடி எழுத முயலும், பின்னது துடைத்து எழுதும். எங்கள் பக்கத்து நெட் வேகத்தில் கவனிக்க வேண்டியது, கோப்பு இறங்க 15 நிமிடத்துக்கு மேலானால் ஐபேட் ரெகவரி திரையிலிருந்து தானே வெளியேறிவிடும் என்பது. இறங்கி முடியட்டும் என்று விட்டுவிட்டு மறுபடி பட்டன்களை அழுத்தி உள்ளே போக வேண்டும். லெனோவோவும் தன் டேப்லெட்டுகளுக்கு மீட்பு மென்பொருள் ஒன்றைத் தருகிறது. அது சரியான கோப்பைத் தானே தேடி எடுத்துக்கொள்வது பெரிய வசதி; தரவைப் பொதுவாக அழித்துவிடும் என்பது அதன் விலை.

எங்களுடையது இந்தக் கம்பெனிகளுடையது அன்று, மீடியாடெக் என்னும் புராசசர் சிப் உள்ள வேறொரு கருவி. ஆதலால் மிஞ்சியவை பொள்ளாச்சிக் கடையும் கோவை சர்வீஸ் சென்டரும்தான். வாரண்டி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சர்வீஸ் சென்டரைப் போனில் கேட்டபோது, தரவுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்திட வேண்டும், போர்டு மாற்ற வேண்டியிருந்தால் புது டேப்லெட் விலையில் பாதிக்கு அருகே ஆகும் என்றார்கள். போர்டு மாறினால் தரவு போனதுதான். பழைய போர்டிலிருந்து மெமரி சிப்பைக் கழற்றிப் படித்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். இன்றைய கருவிகளில் கோப்புகள் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவி புராசசரின் பாதுகாப்புப் பகுதியோடு பிணைந்தது. ஆகவே கழற்றிய சிப்பில் கிடைப்பது பொருளற்ற எண்குவியலே. இருந்தாலும் வாரண்டி உள்ளவர் வேறு எங்கும் போகாமல் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது என்பேன். கடையில் ஒருமுறை மூடி திறந்தபின் அந்தக் கதவு மூடிக்கொள்ளக்கூடும்.

கடை விஷயத்தில் எனக்கு முன்பே ஒரு கசப்பு உண்டு. தங்கை மகளின் டேப்லெட் இதேபோல் நின்றபோது வேறோர் ஊரில் ஒரு கடையில் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் ஓடவைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வைஃபையைத் திறந்தால், பட்டியலின் முதல் வரியில் ‘என்விராம் வார்னிங்’ என்று ஒரு நெட்வொர்க் நிற்கிறது. அது நெட்வொர்க்கே அன்று, பிழைச் செய்தி. மீடியாடெக் கருவிகளில் சிஸ்டத்தை எழுதும் எஸ்.பி. ஃபிளாஷ் டூல் என்னும் கணினி மென்பொருளில் எல்லாவற்றையும் அழித்து எழுதும் ‘ஃபார்மட் ஆல்’ என்ற வழியைத் தேர்ந்தால், வைஃபை முகவரி, ஐ.எம்.இ.ஐ. எண், ரேடியோவின் அளவுதிருத்தங்கள் ஆகியவை இருக்கும் பகுதியும் துடைக்கப்பட்டுவிடும். கருவிக்குக் கருவி வேறுபடும் அவை, சிஸ்டத்தை எழுதப் பயன்படும் ஃபர்ம்வேர் கோப்பில் இருப்பதில்லை. முன்னரே பேக்கப் எடுத்திருந்தால் ஒழிய அப்படியே திரும்பி வாரா.

ஆகையால் பொள்ளாச்சிக் கடைக்காரரிடம் கொடுக்கும்போதே இதைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், “டேட்டா வேணுங்களா, டேப் ஓடுனாப் போதுங்களா?” என்றுதான் கேட்டார். இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர் ஒருவரே என்பதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் செய்த வேலையில் பாதிநேரம் கணினியில் கழியவில்லை. ஒரு பிளாஸ்டிக் சில்லை விளிம்பில் நுழைத்துப் பின்மூடியை நெகிழ்த்திக் கழற்றி, பூதக்கண்ணாடி வழியே போர்டில் அச்சாகியிருந்த எண்ணைப் படித்து, அதை ஒரு பழைய பில்லின் பின்புறம் எழுதிக்கொண்டார். மலிவு டேப்லெட்டுகளில் ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு டிஸ்ப்ளேயும் டச்சும் பொருத்தப்பட்டு வரும். பெயரை மட்டும் பார்த்துக் கோப்பைப் போட்டால் திரை வெள்ளையாகும், அல்லது இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் அசையும். பிறகு அவர் தேடியது எங்கள் பழைய பதிப்பையன்று, பாதியில் நின்ற அதே புதிய பதிப்பை. மறையாக்கச் சாவிகள் சிஸ்டத்தின் பதிப்போடு கட்டப்பட்டிருப்பதால், பழையதைப் போட்டால் கருவி எழுந்தாலும் உள்ளிருக்கும் தரவு திறக்காமல் போகலாம் என்றார். அக்கா மகனுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

கோப்பு கிடைத்ததும், அதே ஃபிளாஷ் டூலில் ‘டவுன்லோட் ஒன்லி’ என்பதைத் தேர்ந்து, பட்டியலில் தரவு இருக்கும் யூசர்டேட்டாவுக்கும், கருவி எழும்போது முதலில் ஓடும் ப்ரீலோடருக்கும் எதிரே இருந்த குறிகளை எடுத்துவிட்டார். ப்ரீலோடர் நன்றாக இருக்கிறபோது அதைத் தொடுவது வீண்வம்பு. தவறானது எழுதப்பட்டால் லோகோவும் வராமல் போகும். அணைத்த டேப்லெட்டின் வால்யூம் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகினார். கணினி அதைக் கண்டுகொள்வது ஓரிரு நொடிகளே. முதல் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை பிடித்தது. கோடு நகர்ந்து பச்சைக் குறி வந்தது. கோடு நடுவே ஒருகணம் நின்றபோது நான் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டேன்.

எழுத்தே ஏறாமல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிழை வந்திருந்தால், மெமரி சிப்பே தேய்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டியிருந்திருக்கும். அந்நிலையில் மென்பொருள் வழிகள் அனைத்தும் ஒன்றுதான், எதுவும் உதவாது. சிப்பையோ போர்டையோ மாற்றி, தரவை மறந்துவிட வேண்டும். அதற்கும் நான் ஓரளவு தயாராகவே போயிருந்தேன். உறுப்பினர்களின் பாஸ்புத்தகங்களில் ஒவ்வொரு வேளையும் கையால் எழுதித் தருவது எங்கள் சங்கத்தில் இன்னும் நிற்கவில்லை. 140 வீடுகளிலும் புத்தகங்களை வாங்கி வந்தால் இரண்டு இரவுகளில் கணக்கைத் திரும்ப எழுதிவிடலாம். அந்தப் புத்தகங்கள் இல்லாவிட்டால், போர்டு எண்ணைப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் அவசரத்தில் கொடுத்திருப்பேன்.

முதல்முறை எழ வெகுநேரம் எடுத்துக்கொண்ட டேப்லெட், பழைய திரைப்பூட்டையே கேட்டது. அது நல்ல அறிகுறி என்றார் கடைக்காரர். உள்ளே 11 நாள் பதிவும் இருந்தது. கடையின் வைஃபையிலேயே அதைச் சர்வருக்கு ஏற்றினேன். வைஃபை பட்டியலில் கடையின் பெயரும் பக்கத்துக் கடைகளின் பெயர்களும் மட்டுமே இருந்தன. 700 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். திரும்பும் வழியில் முன்னாள் செயலாளரின் வீட்டில் இறங்கி அவர் பாஸ்வேர்டைக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. மறுநாள் காலைப் பால் முடிந்ததும், அவர் கணக்கை நீக்கிச் சங்கத்தின் பெயரில் ஒன்றைத் தொடங்கி, அதன் பாஸ்வேர்டை வரவுப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தோம்.