எம்ஜிபியை இறக்குவதா, அப்படியே விடுவதா: டர்பன் சாலைக்கு எது பொருந்தும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி வைத்திருக்கும் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே வண்டியின் உயரத்துக்கு வந்துவிடும். ஒருவர் இறக்கச் சொல்வார். தரையோடு படிந்து நின்றால்தான் அழகு, வளைவில் பிடிப்பும் கூடும் என்பார். இன்னொருவர் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் தெருக்களின் வேகத்தடைகளைச் சொல்லி, தொடவே தொடாதே என்பார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் நம் ஊர்ச் சாலையில் வாரம் முழுக்க ஓடப்போகிற வண்டி என்றால் எனக்கு விடை தெளிவு: 1974க்கு முந்தைய குரோம் பம்பர் காலத்துக் கம்பெனி உயரம், புது ஸ்பிரிங், பக்கச்சுவர் உயர்ந்த டயர், மேலே தூக்கிக் கட்டிய சைலன்சர் குழாய்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டி நிற்கும் உயரம் வேறு, தரை இடைவெளி வேறு. நிற்கும் உயரத்தைச் சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே ஃபெண்டரில் ஓடும் குரோம் பட்டை வரை அளப்பார்கள். டயர் எதுவானாலும் இந்த அளவு மாறாது. பெரும்பாலும் ஸ்பிரிங்தான் இதைத் தீர்மானிக்கும். தரை இடைவெளி என்பது வண்டிக்கு அடியில் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்து தொங்கும் பாகத்துக்கும் சாலைக்கும் நடுவே உள்ள தூரம். ஸ்பிரிங்கை மாற்றினால் இரண்டும் மாறும். டயரை மாற்றினாலோ குழாயைத் தூக்கினாலோ இரண்டாவது மட்டும் மாறும். இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் அடியில் உரசுகிறது என்று ஸ்பிரிங்குக்குச் செலவு செய்கிறார்கள்.

இனி வேகத்தடை. நகராட்சி ஒழுங்காகப் போடும் அகலத் தடை ஒன்று, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் என்பது உலகெங்கும் பழகிய அளவு. எம்ஜிபியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஏறக்குறைய 2.31 மீட்டர். ஆகவே நாலு சக்கரமும் தடையின் மேலேயே நிற்கும். வட்ட வளைவாகக் கணக்குப் போட்டால், வண்டியின் நடுப்பாகம் இழக்கும் இடைவெளி 39 மி.மீ. மட்டுமே. தரை இடைவெளி 120 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் இன்னும் 80 மீதம் இருக்கும். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது.

வம்பு செய்வது குட்டைத் தடைதான். கடை வாசலிலும் குடியிருப்பு வளாகத்துக்குள்ளும் ஒரு மீட்டர்கூட அகலம் இல்லாமல் செங்குத்தாக எழுப்பியிருப்பார்களே, அது. முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. தடை முழுசாக வயிற்றுக்கு அடியில் நிற்கும். 10 சென்டிமீட்டரும் அப்படியே கழிந்து 20 மி.மீ. மிஞ்சும். 30 மி.மீ. இறக்கிய வண்டி அங்கே உரசியே தீரும், எவ்வளவு மெதுவாகப் போனாலும். சற்றுக் குறுக்காக ஏறினால் ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மேலே இருந்து கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். எதிரே வண்டி வராத தெருவில் மட்டும் நடக்கிற காரியம் அது.

சாட்ஸ்வொர்த்தில் இதோடு சரிவும் சேர்ந்துகொள்கிறது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் 1960களில் நம் இந்திய வம்சாவளி மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் முழுக்க மேடும் பள்ளமும். பல வீடுகளில் தெருவை விட்டு இறங்கும் இடமே ஒரு கூர்மையான முறிவு. 2022 ஏப்ரல் வெள்ளம் அரித்த சாலைகளை நினைத்துப் பார்த்தால் அடியில் கொஞ்சம் இடம் வைத்திருப்பது ஆடம்பரம் இல்லை என்பது புரியும்.

இப்போது இறக்கும் வழி. இதற்குத்தான் ஆசை அதிகம், ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முன்னால் குட்டையான சுருள் ஸ்பிரிங். பின்னால் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு உலோகக் கட்டை, அதற்கு நீளமான யு-போல்ட். 25 முதல் 38 மி.மீ. வரை இறங்கும். கிடைப்பது என்ன? ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் என்று வைத்தால், 25 மி.மீ. இறக்கம் 5 சதவீதம். வளைவில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மாறும் எடை அதே 5 சதவீதம் குறையும். நிஜமான ஆதாயம்தான். ஆனால் சிறியது.

கொடுப்பது என்ன? வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி முன் சஸ்பென்ஷனின் கைகள் நிற்கும் கோணத்தைப் பொறுத்தது. வண்டியை இறக்கியதும் கீழ்க் கையின் வெளி முனை மேலே போகும். அந்தப் புள்ளியோ உடம்பு இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். அதற்கும் ஈர்ப்பு மையத்துக்கும் நடுவே தூரம் கூடும். அதாவது சாய்க்கும் நெம்பு நீளமாகும். இறக்கிய வண்டி சாயாமல் நிற்கிறது என்றால், அந்தப் பெருமை கூடவே வந்த விறைப்பான ஸ்பிரிங்குக்கும் இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைத் தடுக்கும் தடித்த ஆன்ட்டி-ரோல் கம்பிக்கும் உரியது. அவற்றைக் கம்பெனி உயரத்திலேயே போட்டுக்கொள்ளலாமே.

பின்பக்கம் இன்னும் மோசம். அச்சுக்கு மேலே இருக்கும் ரப்பர் தடுப்புக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள இடம்தான் சஸ்பென்ஷன் மேலே போகக் கிடைக்கும் பயணம். கட்டை வைத்தால் அதன் உயரம் அத்தனையும் இந்த இடத்திலிருந்தே கழிகிறது. இரண்டு பேர் உட்கார்ந்து, பின்னால் ஒரு பெட்டியும் வைத்து, ஃபீல்ட்ஸ் ஹில் மலைச்சாலையில் வளைந்து இறங்கும்போது ஒரு ஒட்டுப்போட்ட பள்ளம் வந்தால் அச்சு தடுப்பில் மோதும். அந்த நொடியில் பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத வண்டி போலத் துள்ளி விலகும். பிடிப்புக்காக இறக்கிய வண்டி, பிடிப்பு தேவைப்படும் இடத்திலேயே அதை விட்டுவிடுகிறது. போதாததற்கு, கட்டை வைத்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அச்சு முறுக்கிக்கொள்வதும் கூடும்.

அப்புறம் ஸ்பிரிங்கை வெட்டுவது. தயவுசெய்து வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும், வெட்டிய முனை தட்டில் ஒழுங்காக உட்காராது, வெல்டிங் சூட்டில் வெட்டினால் எஃகின் பதமே போய்விடும். எம்ஜிபியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முன் ஸ்பிரிங் கீழ்க் கையின் நடுவாக்கில் உட்காருகிறது. ஸ்பிரிங்கில் 10 மி.மீ. குறைத்தால் சக்கரத்திடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இறங்கும். கொஞ்சம்தானே என்று வெட்டினால் வண்டி மூக்குக் குப்புற நிற்கும்.

கயாலாமி போன்ற பந்தயத் தடத்துக்கென்றே ஒரு எம்ஜிபி வைத்திருப்பவர் இறக்கட்டும். அங்கே குட்டைத் தடை கிடையாது, பெட்டி படுக்கையும் ஏற்ற வேண்டாம்.

உயரம் கூட்டிய எம்ஜிபியை ஆலையே செய்தது. 1974 பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது, அமெரிக்காவின் உயர விதிகளுக்காக வண்டியை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. தூக்கினார்கள். அகலத் தடை தின்னும் இடைவெளியும் ஏறக்குறைய இதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள். நம் தெருவுக்கு அளந்து செய்த மாதிரி. ஆனால் அதே சமயம் திறந்த வண்டியில் முன் ஆன்ட்டி-ரோல் கம்பியையும் எடுத்துவிட்டார்கள். உயர்ந்த உடம்பு, கம்பி இல்லாத முன்பக்கம்: வண்டி படகாட்டம் ஆடியது. 1977 மாடலுக்கு முன்னும் பின்னும் கம்பி போட்டுச் சரிசெய்தார்கள். ரப்பர் பம்பர் வண்டிக்கு இன்றும் ஒட்டியிருக்கும் கெட்ட பெயரில் பாதி அந்த நடு ஆண்டுகளால் வந்தது. உயரத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அப்படி ஒரு வண்டி கையில் இருந்தால் இரண்டு கம்பியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குரோம் உயரத்துக்கு முறையாக இறக்க முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரையே மாற்ற வேண்டியிருக்கும். பழைய பாகம் தேடி அலைவதைவிடக் கம்பி போடுவது சுலபம்.

உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் காயிலோவர் செட் இந்த வண்டிக்கு உண்டு. நல்ல பொருள்தான். ஆனால் கடல் கடந்து வரவேண்டும், ராண்ட் நிலவரத்தில் விலை கடிக்கும், கூட்டிக் குறைக்கும் வசதியை ஒரு தடவைக்கு மேல் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

கம்பெனி உயரத்தில் நிற்கும் குரோம் பம்பர் வண்டிக்கு வருவோம். ஒன்று சொல்லியாக வேண்டும்: கம்பெனி உயரத்தில் நிற்பதாக நாம் நினைக்கும் வண்டிகளில் பல அந்த உயரத்தில் இல்லை. எம்ஜிபி 1962இல் வந்து 1980இல் நின்றது. ஆக, இருப்பதில் இளையதற்கே நாற்பதைத் தாண்டிவிட்டது. பட்டை ஸ்பிரிங் தட்டையாகிப்போயிருக்கும், சுருளும் தளர்ந்திருக்கும். நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் எப்போதும் வலப்பக்கம் உட்காருவதால் அந்தப் பக்கம் கூடுதலாகத் தாழ்ந்திருக்கும். சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, நாலு மூலையையும் அழுத்தி விட்டு, கொஞ்ச தூரம் தள்ளி உருட்டி நிறுத்தி, பிறகு அளந்து பாருங்கள். இடம் வலம் வித்தியாசம் கண்ணில் பட்டால் இறக்குவதா ஏற்றுவதா என்ற வாதமே வேண்டாம், நாலு ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டியவைதான். புது ஸ்பிரிங் போட்டதும் வண்டி சற்று உயர்ந்து நிற்கும். சில வாரம் ஓடியபின் படியும். அதற்குள் கட்டை வாங்க ஓடாதீர்கள்.

டயர் விஷயத்தில் கணக்கு எளிது. கம்பெனி ரேடியல் 165 அகலம், 14 அங்குலச் சக்கரம், விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. இன்று கடைக்குப் போனால் சட்டென்று எடுத்துக் கொடுப்பது 185/65. அதன் விட்டம் 596. விட்டத்தில் 24 போனால் தரை இடைவெளியில் 12 மி.மீ. போச்சு. ஸ்பிடோமீட்டரும் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். 185/70 கேட்டு வாங்கினால் விட்டம் 615, இழப்பு 3 மி.மீ.கூட இல்லை. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். ஒன்றில்லை. குட்டைத் தடையில் 20 மி.மீ. மிஞ்சுகிற வண்டிக்கு 12 என்பது பாதிக்கு மேல். பக்கச்சுவர் உயர்ந்தால் பள்ளத்தில் ரிம்மும் தப்பும்.

சைலன்சர் குழாய்க்கு நான் தனியாக இடம் கொடுப்பதற்குக் காரணம், உரசுகிற வண்டிகளில் பெரும்பாலும் முதலில் தரையைத் தொடுவது அதுதான். ஃபீனிக்ஸில் பழைய ஆங்கிலேய வண்டிகளிலேயே காலம் கழித்த ஒரு பெரியவர் என் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஸ்பிரிங்கைத் தொடாதே. இந்த கிளாம்ப் எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு பாரு.” சைலன்சர் இணைப்பைப் பிடிக்கும் யு-கிளாம்பின் நட்டும் மரையும் நேர் கீழே நீட்டிக்கொண்டிருந்தன, தடையில் தேய்ந்து பளபளவென்று. அவர் அதைத் தளர்த்தித் திருப்பி, மரை பக்கவாட்டில் மேல்நோக்கி நிற்கும்படி முடுக்கினார். “போல்ட் நீளம் அவ்வளவும் உனக்கு லாபம், அண்ணன் சொல்றேன்” என்றார். பிறகு தொய்ந்துபோன ரப்பர் தொங்கல்களை மாற்றி, குழாயைத் தளத்தோடு நெருக்கிக் கட்டினார்; சூடானால் தட்டாத அளவுக்கு மட்டும் இடம் விட்டு. எஞ்சின், கியர்பாக்ஸ் ரப்பர்களும் அமுங்கிப்போயிருந்தால் எஞ்சினோடு அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பும் குழாயும் சேர்ந்தே தாழும். அவற்றையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஸ்பிரிங் மாற்றும் நாளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன் கீழ்க் கைகளில் மூட்டில் ரப்பர் இரும்போடு ஒட்டிய புஷ் போட்டிருந்தால், அதன் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை இறங்கியபின் முடுக்க வேண்டும். தொங்கவிட்டு முடுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு வண்டியை உயர்த்திக் காட்டும், சீக்கிரம் கிழிந்தும் போகும். எல்லாம் முடிந்து வண்டி படிந்தபிறகு ஹெட்லைட்டை மறுபடி அளந்து திருப்புங்கள். முன்பக்கம் சற்று ஏறினாலே வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். கைமாற்றும்போது எடுக்க வேண்டிய சாலைத்தகுதிச் சோதனையிலும் அதைப் பார்ப்பார்கள்.