ஓடும் தொப்பியா, சுழலும் கட்டிலா?

பிரெஞ்சு நாடகாசிரியர்கள் லபிஷ், ஃபெய்தோ இருவரின் நகைச்சுவை நாடகங்களில் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டால், எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் தொப்பி. கல்யாண நாள் காலையில் மாப்பிள்ளை ஃபதினாரின் குதிரை, ஒரு பெண்ணின் வைக்கோல் தொப்பியைத் தின்றுவிடுகிறது. அவள் அங்கே ஒரு ராணுவ அதிகாரியோடு ஒதுங்கியிருந்தவள். தொப்பி இல்லாமல் வீட்டுக்குப் போனால் கணவன் சும்மா விடமாட்டான். அதே மாதிரி தொப்பி ஒன்றைத் தேடி மாப்பிள்ளை பாரிஸ் முழுக்க ஓட, கல்யாணக் கூட்டமே பின்னால் வருகிறது. தொப்பிக் கடையை நகராட்சி மன்றம் என்றும், சீமாட்டியின் மாளிகையை விருந்து நடக்கும் உணவகம் என்றும் நினைத்துக்கொள்கிறது. யூஜீன் லபிஷ், மார்க்-மிஷேலுடன் சேர்ந்து எழுதிய 'இத்தாலிய வைக்கோல் தொப்பி' இதுதான். 1851-ல் பலே-ரோயால் அரங்கில் முதலில் நடந்தது.

ஜார்ஜ் ஃபெய்தோவின் 'காதில் தெள்ளு' 1907-ல், நூவொத்தே அரங்கில். காதில் தெள்ளு புகுந்தது என்றால் பிரெஞ்சில் சந்தேகம் புகுந்தது என்று பொருள். கணவனின் கால்சட்டைத் தோள்வார் ஒரு மட்டமான ஓட்டலிலிருந்து தபாலில் திரும்பி வருகிறது. மனைவிக்குச் சந்தேகம். கணவனைச் சோதிக்க, தோழியை விட்டு ஒரு காதல் கடிதம் எழுதவைக்கிறாள். கணவனோ அது தன் நண்பனுக்கு வந்தது என்று நினைத்து, பெருமையாக அந்தத் தோழியின் கணவனிடமே காட்டுகிறான். அவனுக்குக் கையெழுத்து தெரிந்துபோகிறது. இரண்டாம் அங்கத்தில் அத்தனை பேரும் அந்த ஓட்டலில்! பொத்தானை அழுத்தினால் கட்டில் சுவரோடு சுழன்று பக்கத்து அறைக்குப் போய்விடும். அங்கிருந்து வாதநோய்க்காரக் கிழவர் ஒருவர் படுத்தபடி வந்து சேர்வார். போதாததற்கு, ஓட்டல் வேலைக்காரன் அச்சு அசல் அந்தக் கணவனைப் போலவே இருக்கிறான். இரண்டு வேடமும் ஒரே நடிகருக்கு.

லபிஷின் கதை தற்செயல்களை நம்பி ஓடுகிறது. ஃபெய்தோவிடம் அந்த உருவ ஒற்றுமையைத் தவிர எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. ஒரு பல்சக்கரம் இன்னொன்றைத் தள்ளுவது போல. ஆனால் யார் எந்தக் கதவு வழியாக வந்தார், எங்கே நின்றார் என்று அவர் எழுதிவைத்திருக்கும் மேடைக் குறிப்புகள் நீளமானவை. புத்தகமாகப் படிக்கும்போது அவை களைப்பூட்டும். மேடையில் பார்த்தால்தான் அவற்றின் அருமை புரியும். ஆகவே பார்ப்பதற்கு ஃபெய்தோ, படிப்பதற்கு லபிஷ் என்பேன்.

பலே-ரோயால் இன்றும் நாடகம் நடக்கும் அரங்கு. ஃபெய்தோவின் சில நாடகங்களும் அங்கே ஏறியவைதான். 'தெள்ளு' நடந்த நூவொத்தே கட்டடம் இப்போது இல்லை, அதே பெயரில் வேறு அரங்கு இருக்கிறது.

சரி, ஒன்றே ஒன்று என்றால்? எனக்குத் தொப்பிதான். முதல் அங்கத்தில் காது கேளாத ஒரு மாமா, கல்யாணப் பரிசாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார். யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஐந்தாம் அங்கத்தில்தான் தெரிகிறது, ஊரெல்லாம் தேடிய தொப்பி அதற்குள் இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது, மாமா உள்ளே நுழைந்ததுமே என் கண் அந்தப் பெட்டி மேல்தான் போனது.