மூன்று வார விடுமுறையும் ஒரு முன்பல்லும்

இந்த முறை ஊருக்குப் போகும்போதே பல்லைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். மேல் முன்பல் ஒன்றின் முனை உடைந்து பல வருடங்களாகின்றன. பல்லும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. யாராவது படம் எடுத்தால் உதட்டை மூடிக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

முதலில் போன இடத்தில் சுத்தத்திலோ நேரத்திலோ குறையில்லை. உதட்டை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிப் படம் எடுத்தார்கள். திரையில் ஒவ்வொரு பல்லும் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. "மேல் முன்பற்கள் இரண்டும் சேரும் நடுக்கோடு முகத்தின் நடுவிலிருந்து 2 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, சிரித்தால் ஈறும் தெரிகிறது" என்றார் மருத்துவர். ஆறு பற்களின் முகப்பில் வெனீர் என்ற மெல்லிய தகடுகளை ஒட்டி, நான் விமானம் ஏறுவதற்குள் முடித்துவிடலாமாம். உடைந்த முனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் வந்தது. வெனீருக்காகப் பெரும்பாலும் எனாமலைச் சீவுவார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். கோகிச், கியாக், ஷாபிரோ ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சிரிப்புப் படங்களில் குறைகளைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பல் சீரமைப்பு நிபுணர்கள், பொதுப் பல் மருத்துவர்கள், சாதாரண மக்கள் ஆகிய மூன்று தரப்பிடமும் காட்டியிருக்கிறார்கள். நடுக்கோடு 4 மி.மீ. விலகிய பிறகுதான் நிபுணர்களே அதைக் குறை என்றார்கள். மற்ற இரு தரப்புக்கும் அப்போதும் வித்தியாசம் தெரியவில்லை. ஈறு தெரிவது நிபுணர்களுக்கு 2 மி.மீ.யிலும் மற்றவர்களுக்கு 4 மி.மீ.யிலும் உறுத்தியது. ஆனால் முன்பல் 2 மி.மீ. சாய்ந்ததுமே நிபுணர்களும் சாதாரண மக்களும் ஒன்றுபோலக் கண்டுகொண்டார்கள். இத்தனை காலம் என் மனதை அரித்தது வீண் கவலை இல்லை என்று தெரிந்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்துப் போன மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். "தள்ளிப் பிடித்துப் பேசுங்கள், சிரியுங்கள். எது உறுத்துகிறது என்று நீங்களே காட்டுங்கள்" என்றார். காட்டினேன். சாய்வை நிமிர்த்த மாதக்கணக்கில் கிளிப் போட வேண்டும், விடுமுறைக்குள் நடக்காது. முனையைக் காம்போசிட் என்ற பல்நிறப் பொருளை வைத்துக் கட்டினால் சாய்வும் குறைந்து தெரியும் என்று விளக்கினார்.

நிறம் பார்க்கும்போது எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பதினாறு நிற மாதிரிகள் கொண்ட பட்டையில் நான் வெளிர்ந்த ஒன்றைத் தொட்டேன். அவர் என்னை ஜன்னலோரம் அழைத்துப்போய், நான் தொட்டதையும் ஏ3 என்ற மாதிரியையும் பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பிடித்தார். நான் தேர்ந்தது சுண்ணாம்புத் துண்டுபோலத் தனித்து நின்றது. பல் காய்ந்துவிட்டால் வெளிறிக் காட்டும், அதனால் வேலை தொடங்குமுன்பே நிறம் பார்த்துவிட வேண்டும் என்றார். இந்த இடத்தில் தேர்ந்த கண்தான் வேண்டும். என் கண்ணை நம்பியிருந்தால் கெட்டிருக்கும்.

ஒரே அமர்வில் வேலை முடிந்தது. கடி சரியாக இருக்கிறதா என்று நிறத்தாளைக் கடிக்க வைத்துப் பார்த்து, மெருகேற்றி, அதே கண்ணாடியைத் திரும்பத் தந்தார். நடுக்கோடு விலகியே இருக்க, ஈறும் தெரிய, வாய் நிறையச் சிரித்துப் பார்த்தேன்.